கோமாளி வேஷம் கட்டக் கற்றுக்கொண்டேன்

எங்கள் பக்கத்தில் 'கோமாளி' என்பது திட்டுகிற வார்த்தை. பிள்ளை சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்தால், "ஏன்டா கோமாளி" என்போம். கல்யாண வீட்டில் யாராவது கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்துப் பேசினால், "அந்தக் கோமாளியோட என்ன பேச்சு?" என்போம். ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராஜா வேஷம் கட்டியவர் யார் என்பது மறந்துபோயிருக்கும். கோமாளி சொன்ன ஒரு வார்த்தையை இருபது வருஷம் கழித்தும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரி. பத்தாவது வரை படித்தவள். வயது 46. குச்சிக்கிழங்குக் காடு, நாலு மாடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், மாமியார், வீட்டுக்காரர். இதுதான் என் உலகம். எங்கள் மகளிர் குழுவில் 12 பேர். சித்திரையில் மாரியம்மன் நோம்பிக்கு வெளியூரிலிருந்து பாட்டுக் கச்சேரி வைப்பதுதான் வழக்கம். போன வருஷம், "நாமே 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டால் என்ன?" என்று பேச்சு வந்தது. வள்ளிக்கு ஆள் கிடைத்தது. முருகனுக்கு இரண்டு பேர் போட்டி. நாரதர்கூடக் கிடைத்துவிட்டார். பபூன் வேஷத்துக்கு மட்டும் ஒருத்தியும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன்.

வீட்டில் சொன்னதும் என் மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏம்மிணி, குடும்பத்துப் பொம்பளை கோமாளி வேஷம் கட்டினா ஊரே பார்த்துச் சிரிக்குமே!"

"சிரிக்கத்தானுங்க அத்தை கட்டறேன்" என்றேன். வீட்டுக்காரர் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் சகோதரிகளே, மாமியாரின் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. சேலம், நாமக்கல் பக்கத்துக் கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவதுதான் பழைய வழக்கம். மேடையேறிய பெண்களை, அதிலும் சிரிக்க வைத்த பெண்களை, ஊர் நல்ல பெயர் சொல்லி அழைத்ததில்லை. அப்படியிருந்தும் துணிந்து ஏறியவர்கள் இருந்திருக்கிறார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நூறு வருஷத்துக்கும் முன்பே பெண்களை மட்டும் வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேஷமும் அங்கே பெண்கள்தான். டி.ஏ. மதுரம் அம்மா கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு ஈடாகப் பாடினார், ஆடினார், சிரிக்க வைத்தார். கலைவாணர் சிறையில் இருந்தபோது அவர் பெயரால் நாடக சபையையே நடத்திக் காட்டினார். மனோரமா ஆச்சியும் நாடக மேடையிலிருந்து வந்தவர்தான். 1958-ல் 'மாலையிட்ட மங்கை'யில் சிரிப்பு வேஷத்தில் சினிமாவுக்கு வந்த அவரைக் கதாநாயகியாக்கிய 'கொஞ்சும் குமரி' (1963) எங்கள் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படம். அந்தக் கம்பெனியை 1935-ல் தொடங்கிய டி.ஆர். சுந்தரமோ எங்கள் திருச்செங்கோட்டுக்காரர். இதையெல்லாம் மாமியாரிடம் சொன்னேன். "மனோரமாவா? அப்பச் சரி" என்று முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வாத்தியார் சொன்ன முதல் பாடம்

எங்களுக்குப் பாடம் சொல்லித்தர பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல். இளமையில் கூத்தில் கோமாளி கட்டியவர். பிறகு ஊர் ஊராகப் போய் நாடகம் பழக்கியவர். வந்த அன்றே, "எனக்கு நாலு ஜோக் சொல்லிக் கொடுங்கய்யா" என்று கேட்டேன்.

"ஜோக்கு கடையில கெடைக்கும் அம்மிணி. மொதல்ல தாளம் போடு" என்றார்.

பத்து நாள் தாளம்தான். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மாட்டுக்குத் தீவனம் போடும்போதும் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினோராம் நாள் சொன்னார்: "சிரிப்பு வார்த்தைய அஞ்சாவது எண்ணிக்கையில முடிச்சிரோணும். மிச்சம் மூணு எண்ணிக்கை உனக்கில்லை, சனங்களுக்கு. அவங்க சிரிக்கறதுக்கு எடம் விடோணும். அப்பறம்தான் ஆர்மோனியம் எடுக்கும்."

எனக்கு அது பெரிய திறப்பாக இருந்தது. பேச்சு நாடகத்தில் ஜனங்கள் சிரித்து முடிக்கும்வரை நடிகர் காத்திருக்கலாம். பாட்டு நாடகத்தில் தாளம் காத்திருக்காது. ஒரு எண்ணிக்கை முந்தினால் வார்த்தை யாருக்கும் புரியாது. ஒரு எண்ணிக்கை பிந்தினால் சிரிப்பை ஆர்மோனியம் முழுங்கிவிடும்.

கோமாளிக்கு ராஜாவைவிட வேலை அதிகம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கூத்தில் அவரைக் கட்டியங்காரன் என்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வருகிற வேஷத்தை, "நீங்க யாருங்க சாமி, எந்த ஊரு?" என்று கேட்பவர் அவர்தான். பாட்டில் வந்த சங்கதியை ஊர்ப் பேச்சில் உடைத்துச் சொல்பவரும் அவர். பின்பாட்டுப் பாடுவார். ஒருவர் வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார். ஆகவே எல்லார் பாட்டும் அவருக்கு மனப்பாடம் இருக்க வேண்டும்.

'வள்ளி திருமணம்' மாதிரி இசை நாடகத்திலும் அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் இன்றும் ஊர்த் திருவிழாக்களில் நடக்கின்றன. ஸ்பெஷல் நாடகம் என்று போடுவார்களே, அதில் நடிகர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேருவார்கள். ஒத்திகையே கிடையாது. எதிரில் இருப்பவர் என்ன பாடுவார், எங்கே நிறுத்துவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "கோமாளிக்கு வாயி ரெண்டாவது. காதுதான் மொதல்ல" என்பார் வாத்தியார்.

அடுத்த பாடம் சுருதி. பபூன் அபஸ்வரமாகப் பாடினால் ஜனங்கள் சிரிப்பார்கள் அல்லவா? எனக்குத்தான் பாட்டே வராதே, அது சுலபமாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. "சுதியோட பாடத் தெரிஞ்சவதான் சுதி தப்பிப் பாட முடியும். இல்லாட்டி அது வெறும் சத்தம்" என்று ஒரு மாதம் சரியாகப் பாட வைத்தார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் விலகி, உடனே திரும்பி வந்து சுருதியில் உட்கார வேண்டும். அப்போதுதான் சிரிப்பு வரும். கலைவாணரின் 'கிந்தனார்' காலட்சேபம் ('நல்லதம்பி', 1949) கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் பாணியை அப்படியே எடுத்துக்கொண்டு, படிக்க ஆசைப்படும் ஒரு தாழ்த்தப்பட்ட சிறுவனின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். காலட்சேபம் நன்றாகத் தெரிந்தவரால்தான் அப்படிச் செய்ய முடியும்.

மூன்றாவது பாடம் முகம். தான் சிரிக்கக் கூடாது. இது எனக்குப் பெரிய கஷ்டம். அரிசி களையும்போது பாத்திரத்தில் என் முகத்தைப் பார்த்தே எனக்குச் சிரிப்பு வரும். வாத்தியார் ஒரு வழி சொன்னார். பபூனுக்கு அது சிரிப்பு இல்லை, அவனுக்கு அது உயிர் போகிற காரியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வள்ளியிடம் கிழவனாக வந்த முருகன் தினைமாவைத் தின்று விக்குகிறாரே, அந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விக்கல் தாளத்தில்தான் விழுகிறது. ஆனால் கிழவருக்கு அது நிஜ விக்கல். தண்ணீருக்கு நிஜமாகவே தவிக்க வேண்டும். தவிப்பு பொய்யானால் சிரிப்பும் பொய்யாகிவிடும்.

நாலாவது, மூன்று முறைக் கணக்கு. ஒரு காரியத்தை இரண்டு தடவை ஒரே மாதிரி செய்து, மூன்றாவது தடவை மாற்ற வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது "காக்காவுக்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வாயைத் திடீரென்று நாமே முழுங்கினால் குழந்தை எப்படிக் குலுங்கிச் சிரிக்கிறது! தாய்மார்களுக்கு இந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை.

தொண்டையும் முழங்காலும்

நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஆடிப் பாடக் கிளம்பினால் உடம்பையும் கவனிக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

குரல்: கத்தக் கூடாது. மூச்சை வயிற்றிலிருந்து எடுக்கப் பழக வேண்டும். மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூச்சு இழுக்கும்போது அது மேலே வருகிறதா என்று பாருங்கள். நாள் முழுவதும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். குரல் கம்மினால் பேச்சைக் குறையுங்கள். கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு ஆகாது, அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகாவிட்டால் கஷாயத்தை நம்பியிராமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். சார்லி சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: அவருடைய அம்மா மேடைப் பாடகி. ஒரு நாள் பாடும்போதே குரல் உடைந்துபோனது. அவருக்குப் பதிலாக மேடையில் நிறுத்தப்பட்டபோது சாப்ளினுக்கு 5 வயது. அம்மாவின் உடைந்த குரலையே அந்தப் பிள்ளை பாடிக் காட்டியதும் கூட்டம் சிரித்ததாம். அந்தத் தாய்க்குக் குரல் திரும்பவே இல்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுவது: பபூன் தடுக்கி விழ வேண்டும். வைக்கோல் மேல் பழகினோம். முழங்காலோ முதுகுத்தண்டின் அடியோ முதலில் தரையில் படக் கூடாது. உடம்பைத் தாழ்த்தி, தொடையின் பக்கவாட்டில் சரிய வேண்டும். கர்ப்பிணிகளும் எலும்பு பலவீனம் உள்ளவர்களும் இதற்கு ஆசைப்பட வேண்டாம். தடுக்கிவிட்டு விழாமல் சமாளித்தாலும் ஜனங்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

முகப்பூச்சு: பழைய காலத்தில் அரிதாரம் பூசினார்கள். அது ஆர்சனிக் அடங்கிய தாதுப்பொருள், நமக்கு வேண்டாம். நாங்கள் கடையில் வாங்கிய பூச்சை முதல் நாளே முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்தில் போட்டோம். தேங்காய் எண்ணெயால் துடைத்தால் சுலபமாகக் கலைந்துவிடும்.

இன்னொன்று, நாம் வெளியில் பேசத் தயங்குவது. குதித்தாலும் பலமாகச் சிரித்தாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது. எங்கள் 12 பேரில் நாலு பேருக்கு இருந்தது. நாலு பேரும் அவரவர் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது சகஜம். ஆனால் சகித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல அடிவயிற்றின் கீழ்த் தசைகளை இறுக்கி, ஐந்து எண்ணித் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு பத்து முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரியச் சுமார் மூன்று மாதம் ஆகும். குறையாவிட்டால் கூச்சப்படாமல் லேடி டாக்டரைப் பாருங்கள். நாங்கள் ஒத்திகை தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து இதைச் செய்துவிடுவோம். வெளியில் பார்ப்பவர்களுக்கு ஏதோ தியானம் போலத் தெரியும்.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இசை நாடகத்தில் 'அடிபிடி' என்று ஒரு சிரிப்புக் காட்சி உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் வாய்ச்சண்டையில் ஆரம்பித்து அடிதடியில் இறங்குவார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சூசன் சைசர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆராய்ச்சி செய்து 2005-ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் காட்சியைப் பற்றியே விரிவாக எழுதியிருப்பதாகக் கல்லூரியில் படிக்கும் என் பெண் சொன்னாள்.

வாத்தியார் அந்தக் காட்சியையும் எங்களுக்குப் பழக்கினார். நான் குச்சியை ஓங்க, இன்னொருத்தி "ஐயோ" என்று மிருதங்கத்துக்குச் சரியாகக் கத்த வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள். பின்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் பாட்டை எடுக்கவில்லை. பெயர் வேண்டாம், அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். தறிக்குப் போய்ப் பிழைப்பவள். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அந்த எடத்துல எனக்குப் பாட்டு வர மாட்டேங்குதுங்கக்கா. குச்சி காத்துல வர்ற சத்தம் கேட்டா தொண்டை அடைக்குது" என்றாள்.

அவள் வீட்டுச் சங்கதி எங்களுக்கெல்லாம் அரைகுறையாகத் தெரியும். யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

காட்சியை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வாத்தியார் கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "எடுக்க வேண்டாம் அம்மிணிகளா. அடி வாங்கறவளப் பார்த்துச் சிரிச்சா அது கூத்தில்ல. அடிக்கறவனப் பார்த்துச் சிரிக்க வைங்க பார்க்கலாம். அது சிரமம்" என்றார்.

இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் காட்சி இப்படி வந்தது. புருஷன் தனியாக வந்து, பெண்டாட்டியை இன்றைக்கு என்ன செய்கிறேன் பார் என்று வீரம் பேசிப் பாடுகிறான். குச்சியைத் தாளத்துக்குச் சுழற்றுகிறான். உள்ளேயிருந்து பெண்டாட்டி ஒரே ஒரு தடவை இருமுகிறாள். சட்டென்று குச்சியால் பாயைத் தட்டித் தூசி போக்குகிறான். மறுபடி வீரம், மறுபடி இருமல், மறுபடி பாய். மூன்றாவது தடவை இருமல் வரவில்லை. வரவில்லையே என்ற பயத்தில் அவனே இருமிவிட்டு, அவனே பாயைத் தட்டுகிறான்!

புருஷன் வேஷம் பபூனாகிய எனக்குத்தான் வர வேண்டும். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்த வேஷத்தை எனக்குக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். உள்ளேயிருந்து இருமுவதை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவது, வாசலில் செருப்பை உதறுவது, அடிப்பதற்கு முன் தொண்டையைச் செருமுவது என்று ஒவ்வொன்றும் அப்படியே வந்தது. அதில் எதையும் அவள் கூட்டவில்லை. தாளத்தில் வைத்தாள், அவ்வளவுதான்.

நாடகத்தன்று பெண்கள் பக்கத்தில்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. ஆண்கள் பக்கம் கொஞ்சம் அமைதி. பிறகு ஒரு தாத்தா உரக்கச் சிரித்தார், அதோடு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் புருஷன் பாதியில் எழுந்து போய்விட்டார். அது நடக்கும் என்று முன்பே யோசித்து வைத்திருந்தோம். அன்றிரவு அவளையும் பிள்ளைகளையும் அவள் அம்மா வீட்டில் தங்க வைத்தோம். பெண்களுக்கான 181 உதவி எண்ணை எங்கள் 12 பேர் போனிலும் பதிந்து வைத்தோம். இந்த மாதிரிக் காட்சி போட நினைப்பவர்கள், மேடைக்குப் பிறகு என்ன என்பதையும் சேர்த்து யோசித்துவிட வேண்டும்.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் குரல் ஏறியபோது, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அம்மா ஒரு இருமல் இருமினார்களாம். எதிர் வீட்டிலிருந்து இன்னொரு இருமல். தெருக்கோடியிலிருந்து ஒரு சின்னப் பையனின் இருமல். உள்ளே சத்தம் நின்றுவிட்டது என்றாள். இத்தனை வருஷம் காதைப் பொத்திக்கொண்டிருந்த தெரு அது. நேராகப் போய்க் கேட்கத் துணியாத ஜனங்களுக்கு ஒரு இருமலாவது கிடைத்தது. போன மாதம் அவள் சட்ட உதவி மையத்துக்குப் போய் விவரம் கேட்டு வந்தாள். என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அவளோடு போனவர்கள் நாங்கள் நாலு பேர்.

வரும் நோம்பிக்கு 'பவளக்கொடி' போடுவதாக இருக்கிறோம். உங்கள் ஊரிலும் பொங்கல் விழாவுக்கோ பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கோ பாட்டு நாடகம் போட்டால், சிரிப்பு வேஷத்தை வாயாடி என்று பெயரெடுத்த பெண்ணிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்த பெண்ணைத் தேடிக் கொடுங்கள். தாளம் பழக்குங்கள். உங்கள் பிள்ளைகள் வீட்டில் யாரையாவது நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கும்போதும், நொண்டி நடக்கிற தாத்தாவைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அவரை விரட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று கவனித்துச் சொல்லிக்கொடுங்கள்.

என் மாமியார் இப்போது என் ஒத்திகைக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறார். போன வாரம், "ஏம்மிணி, நாலாவது எண்ணிக்கையிலயே முடிச்சுப்புட்டியே!" என்று குறை சொன்னார். வாத்தியாரும் அதையேதான் சொன்னார்.